வில்லு, ஓலை, கரம்பை: தொடக்கப்பள்ளியில் வாசிப்போடு சேர்ந்த கைவேலை

கதை முடிந்ததும் "உங்களுக்குப் பிடிச்ச காட்சியை வரைங்க" என்று சொன்னால் என்ன வரும் என்று தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிற யாருக்கும் தெரியும். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை, மேலே நாலு காக்கா. முயல் கதைக்கும் அதே படம்தான், மழைக் கதைக்கும் அதே படம்தான். பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அந்தப் படத்தை வரைய அவர்கள் கதையைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

ஆகவே எந்தக் கைவேலையையும் வாசிப்பு நேரத்துக்குள் கொண்டுவரும் முன் ஒரே ஒரு கேள்வி போதும்: இதைச் செய்து முடிக்கப் பிள்ளை பக்கத்தைத் திறந்து மறுபடி வாசித்தாக வேண்டுமா? வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் அது ஓவிய வகுப்பு. ஓவிய வகுப்பும் தேவைதான். அதை வாசிப்புக் கணக்கில் எழுதக் கூடாது, அவ்வளவே.

இந்தக் கேள்வியால் பழைய வேலைகளையே சரிசெய்துவிடலாம். "பிடிச்ச காட்சி" என்பதற்குப் பதிலாக, "ஆச்சி சந்தைக்குக் கொண்டுபோன பைக்குள்ள என்னென்ன இருந்துச்சு? பையைத் திறந்து காட்டுற மாதிரி வரை" என்று கேளுங்கள். கத்தரிக்காயை விட்டுவிட்டோமோ என்று பக்கத்தைப் புரட்டுவார்கள். "கதை நடந்த தெருவை வரை, யார் வீடு எதுக்கு அடுத்து இருக்குன்னு கதையில சொன்னபடி வரணும்" என்பதும் அதே வகை. மிட்டாய் வண்ணம் தீட்டியே தீர வேண்டும் என்பதில்லை, கரிக்கட்டி போதும்.

2022இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்பறைகளில் வாசிப்புக் களம், படைப்புக் களம் என்று மூலைக்கு மூலை பெயர் தொங்குகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் இது கிழக்கு மூலை, அது மேற்கு மூலை என்று வைத்துவிட்டால் பிள்ளைகளும் இரண்டையும் தனித்தனி வேலையாகவே செய்வார்கள். இரண்டையும் ஒரே பாயில் வைத்தால்தான் மேலே சொன்ன கேள்விக்குப் பதில் கிடைக்கும். கீழே உள்ளவை அப்படிச் செய்யக்கூடியவை, திருநெல்வேலிச் சீமையில் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் பொருள்களை வைத்து.

வில்லுப்பாட்டு

அம்மன் கோயில் கொடை விழாவிலும் சுடலைமாடன் கொடையிலும் மைக்செட் வழியாக வில்லுச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முன்னால் உட்கார்ந்து பாடுகிறவர் ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர் "ஆமா" போட்டு அந்த வரியின் வாலைப் பிடித்துத் திருப்பிச் சொல்வார். வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு வேண்டியதும் இதுதான். ஒரே வரியைப் பத்துமுறை வாசிக்க ஒரு நியாயமான காரணம். "இன்னொரு தடவை வாசி" என்று சொன்னால் தண்டனை மாதிரி இருக்கும். "பின்பாட்டுச் சரியா விழல, மறுபடி எடு" என்றால் ஒரு முனகலும் வராது.

சாமி கதைக்கான கலையாச்சே என்று தயங்க வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் காந்தி கதையையே வில்லில் பாடியவர். 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். வில்லு எந்தக் கதையையும் தாங்கும்.

வகுப்புக்கு வில்லு செய்ய ஐந்தடி நீளம், ஓர் அங்குல அகலமுள்ள பச்சை மூங்கில் பிளாச்சு ஒன்று வேண்டும். காய்ந்த மூங்கில் வளைக்கும்போது நார்நாராகப் பிளந்து கையைக் கிழிக்கும். பிளந்த ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். இரண்டு முனையிலும் ஓர் அங்குலம் உள்ளே தள்ளி வெட்டுத்தடம் போட்டு, நைலான் கயிற்றை நாலரை அடிக்கு இழுத்துக் கட்டினால் அளவான வளைவு வரும். அதற்கு மேல் இழுத்தால் பிளாச்சு முறியும். நைலான் முதல் இரண்டு மூன்று நாள் தளர்ந்துகொண்டே இருக்கும். ஒரு முனையை முடிச்சிட்டுவிட்டு மறுமுனையை உருவுசுருக்காக வைத்துக்கொண்டால் தினமும் ஓர் இழுப்பில் சரிசெய்யலாம். வில்லின் வளைவில் ஆறேழு சின்னச் சலங்கை. கழுத்துள்ள மண்பானை ஒன்றைச் சும்மாடு போலச் சுருட்டிய துணியின் மேல் இருத்தி, நாண் மேலே பார்க்கும்படி வில்லின் நடுவைப் பானைக் கழுத்தோடு கட்டிவிடலாம். காருகுறிச்சிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பானைக்கு அலைச்சல் இல்லை. பானை வாயில் அடிக்க, பழைய ரப்பர்ச் செருப்பின் அடிப்பாகத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டித் துணி சுற்றிக்கொள்ளுங்கள். கையால் அடித்தால் பிள்ளைகள் விளிம்பில் அடித்துக்கொள்வார்கள், பானையும் உடையும். நாணில் அடிக்கும் குச்சியான வீசுகோல் ஒரு முழம்கூட வேண்டாம், ஓரடி போதும். தடித்த குச்சி நாணை அறுத்துவிடும்.

கதைத் தேர்வில்தான் பலரும் தடுக்கி விழுவது. பதினைந்து முதல் இருபது வாக்கியம், திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரி, பேசுகிற ஆட்கள் மூன்று பேர். இதற்கு மேல் போனால் ஒரு வாரத்தில் முடியாது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்து நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்து வந்திருக்கின்றன. பிள்ளை எந்தப் படியில் தடங்கலில்லாமல் வாசிக்கிறதோ, வில்லுக்கு அதற்கு ஒரு படி கீழே எடுக்க வேண்டும். தாளமும் வாசிப்பும் ஒரே நேரத்தில் கேட்டால் சுமை கூடும். "பற" நூலை வில்லில் ஏற்றினால் இரண்டு பிள்ளைகள் பாடுவார்கள், மற்ற இருபத்தெட்டுப் பேர் வாயசைப்பார்கள்.

அடுத்தது, தாளத்தை எங்கே போடுவது. விருப்பம்போல அடிக்க விட்டால் அந்தப் பானையாகிய குடத்தின் சத்தத்தில் குரல் மூழ்கிவிடும். தாளத்தை நிறுத்தக்குறிகளுக்குக் கட்டிவிடுவதுதான் வழி. காற்புள்ளி வந்தால் வீசுகோலால் நாணில் ஒரு தட்டு. முற்றுப்புள்ளி வந்தால் குடத்தில் ஒரு கும். கேள்விக்குறிக்கு உடுக்கை. உடுக்கை இல்லாத இடத்தில் பால்பவுடர் டப்பா. உணர்ச்சிக்குறிக்குத் தாளக்கட்டை. இப்படி வைத்தால் குடம் அடிக்கிற பிள்ளையும் புத்தகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. எங்கே புள்ளி இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்கும். எழுத்துக்கூட்டி வாசிப்பதில் பின்தங்கிய பிள்ளைக்குக் குடத்தைக் கொடுப்பது வழக்கம். கொடுக்கலாம், ஆனால் அந்தப் பிள்ளைக்கும் கையில் பிரதி இருக்க வேண்டும், வரிக்கடியில் விரலும் ஓட வேண்டும். பிரதி இல்லாமல் குடத்தை மட்டும் கொடுத்தால் அந்தப் பிள்ளையை வாசிப்பிலிருந்து விலக்கி வைத்ததாகத்தான் ஆகும்.

இரண்டாம் நாள் முடிவதற்குள் பின்பாட்டு முழுவதும் மனப்பாடம் ஆகிவிடும். கண் தாளில் இருக்காது, கூரையைப் பார்த்துப் பாடுவார்கள். கேட்க அழகாக இருக்கும், ஆசிரியருக்கும் பெருமையாக இருக்கும். வாசிப்பு அங்கே நின்றுபோயிருக்கும். இதற்கு மருந்து, தினமும் காலையில் பிரதியில் இரண்டு மூன்று சொற்களை மாற்றிவிடுவது. "குரங்கு மரத்தில் ஏறியது" என்பது மறுநாள் "அணில் மரத்தில் ஏறியது", அதற்கடுத்த நாள் "அணில் கூரையில் ஏறியது". எங்கே மாற்றியிருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. பழக்கத்தில் "குரங்கு" என்று பாடியவர்கள் தாங்களே நாக்கைக் கடித்துக்கொண்டு தாளைப் பார்ப்பார்கள். பிரதியைப் பென்சிலால் எழுதி நகலெடுத்தால் மாற்றுவது சுலபம். கரும்பலகையில் எழுதிப்போட்டால் இன்னும் சுலபம்.

வில்லுப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு: காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழி. இதை அப்படியே எழுத்துப் பயிற்சிக்கான எலும்புக்கூடாக வைத்துக்கொள்ளலாம். பல மதப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பில், தொடக்க வணக்கப் பாட்டான காப்புக்கு மழையையோ தாமிரபரணியையோ பாடினால் யாருக்கும் மனக்குறை இல்லை. வருபொருள் என்பது என்ன கதை வரப்போகிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்வது. கதையை முழுக்க வாசித்துப் புரிந்துகொண்ட பிள்ளையால் மட்டுமே அதை எழுத முடியும். மூன்றாம் வகுப்பில் இது கடினம், நாலாம் வகுப்பில் நடக்கும். நாட்டுவளத்தைப் பிள்ளைகளே சொந்தமாகக் கட்டலாம். தங்கள் ஊரில் என்ன விளைகிறது, எந்தக் குளம், எந்தக் கடை என்று நாலு வரி. பத்தமடைப் பிள்ளைகளாக இருந்தால் இப்படி வரலாம்:

பாயி நெய்யும் எங்க ஊரு
பத்தமடை அந்த ஊரு
கோரை கிழிச்சுக் காய வச்சா
கையெல்லாம் புல்லு வாசம்

எதுகை மோனை தானாக விழுந்தால் விழட்டும். அதைக் கேட்டு வாங்கப் போனால் அர்த்தமில்லாத வரிகள்தான் வரும்.

நாள்கணக்கு ஒரு வாரம், தினம் ஒரு பாடவேளை. முதல் நாள் ஆசிரியர் வாசிக்க, பிள்ளைகள் கேட்டுவிட்டுப் புள்ளிகளை வட்டமிடுவது. இரண்டாம் நாள் தாளத்தோடு. மூன்றாம் நாள் சொல் மாற்றம் தொடங்குகிறது, ஆட்களும் மாற வேண்டும். நேற்று முன்பாட்டுப் பாடியவர் இன்று குடம். நாலாம் நாள் நாட்டுவளம். ஐந்தாம் நாள் பக்கத்து வகுப்பைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாடுவது. ஆண்டுவிழா மேடைவரை இழுத்துக்கொண்டு போகாமல் இருப்பதே நல்லது. மேடை என்றதும் நன்றாக வாசிக்கிற ஆறு பேரைப் பொறுக்கி எடுத்துவிடுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர் ஆகிவிடுவார்கள்.

ஓலைக் காத்தாடியும் வாசிப்பு அட்டையும்

பனை ஓலையில் பொம்மை செய்யக் கற்றுக்கொடுப்பது எளிது. ஆசிரியர் செய்துகாட்டுவார், பிள்ளைகள் பார்த்துச் செய்வார்கள், ஒரு சொல்கூட வாசிக்காமல் காத்தாடி சுற்றும். அதனால் ஆசிரியர் செய்துகாட்டவே கூடாது. செய்முறை முழுவதும் அட்டையில் இருக்க வேண்டும். இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் கையில் அட்டை, மற்றவர் கையில் ஓலை. அட்டைக்காரர் ஓலையைத் தொடக் கூடாது, ஓலைக்காரர் அட்டையைப் பார்க்கக் கூடாது. முதல் காத்தாடி முடிந்ததும் இருவரும் இடம் மாறிக்கொண்டு இரண்டாவதைச் செய்ய வேண்டும்.

அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் போல எதுவும் வராது. கெட்டி, பின்பக்கம் வெள்ளை, எல்லா வீட்டிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஓர் அட்டைக்கு ஒரே ஒரு செயல். இப்படி:

1. இரண்டு ஓலை நறுக்குகளை எடு.
2. ஒன்றின் மேல் ஒன்றைக் கூட்டல் குறி போல வை.
3. ஆசிரியரிடம் காட்டு. அவர் நடுவில் ஸ்டேப்ளர் அடித்துத் தருவார்.
4. நட்டநடுவில் குண்டூசியால் துளை போடு. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கு.
5. ஓர் இதழ் உனக்கு எதிரே நீட்டி நிற்கும்படி வை. அதன் வலப்பக்க ஓரத்தை மட்டும் மேலே மடக்கு.
6. காத்தாடியைத் திருப்பித் திருப்பி வைத்து, மற்ற மூன்று இதழ்களுக்கும் அப்படியே செய்.
7. குண்டூசியில் முதலில் காத்தாடியை, பிறகு ஒரு பாசிமணியைக் கோர்.
8. ஊசியைச் சோளத்தட்டையின் பக்கவாட்டில் குத்து.

நறுக்கு ஒவ்வொன்றும் 15 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம். முப்பது பிள்ளைகளுக்கு அறுபது நறுக்கு, கெட்டுப்போவதற்கு ஓர் இருபது. ஈர்க்கை உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மடங்காது. குருத்தோலை என்றால் அப்படியே வளையும். காய்ந்த சாரோலை (முற்றிய ஓலை) என்றால் அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு, ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டுப் பிறகு வெட்டலாம். காய்ந்ததை மடக்கினால் மடிப்பிலேயே வெடிக்கும். மட்டையின் கருக்கு வாள்பல் மாதிரி அறுக்கும், மட்டையோடு ஓலையை வகுப்புக்குள் கொண்டுவரவே கூடாது. ஓலை ஓரமும் விரலைக் கீறும், நறுக்குகளை உருவி இழுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திசையன்விளை, உடன்குடி பக்கம் ஓலைக்குப் பஞ்சமில்லை. மேற்கே அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தென்னங்கீற்றும் ஆகும், ஆனால் அது சீக்கிரம் துவண்டுவிடும், அன்றைக்கே செய்து அன்றைக்கே சுற்றவிட்டுவிட வேண்டும். சோளத்தட்டை கிடைக்காத ஊரில் பென்சில் முனை ரப்பரில் ஊசியைக் குத்தலாம்.

இந்த வேலையில் தவறு நடப்பதுதான் பலன். காத்தாடி சுற்றவில்லை என்றால் இதழ்களைப் பாருங்கள். இரண்டு வலப்பக்கமும் இரண்டு இடப்பக்கமும் மடங்கியிருந்தால் ஐந்தாம் அட்டையில் "வலப்பக்க", "மட்டும்" என்ற இரண்டில் ஒன்று வாசிக்கப்படவில்லை. சுற்றத் தொடங்கி நின்றுவிட்டால் நாலாம் அட்டையின் இரண்டாவது வாக்கியம் விடுபட்டிருக்கிறது, துளை இறுக்கம். தலையாட்டிக்கொண்டு சுற்றினால் "நட்டநடுவில்" போய்விட்டது. தட்டையில் உரசினால் பாசிமணி இடம் மாறியிருக்கிறது. தனியாகத் தேர்வு வைக்க வேண்டியதில்லை, எந்த வரி புரியவில்லை என்று காத்தாடியே காட்டிக்கொடுக்கும். ஆசிரியர் காத்தாடியைத் திருத்தாமல் "எத்தனாவது அட்டைன்னு நீங்களே கண்டுபிடிங்க" என்று அட்டைக்கட்டைத் திருப்பிக் கொடுத்தால் போதும். மூன்றாவது அட்டையில் ஸ்டேப்ளருக்காக ஆசிரியரிடம் வர வைத்தது சும்மா இல்லை, அங்கேயே ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

நன்றாக வாசிக்கிற இணைகளுக்கு அட்டைகளைக் குலுக்கிக் கொடுங்கள். முதலில் வரிசைப்படுத்த வேண்டும், பிறகு செய்ய வேண்டும்.

கரம்பையில் எழுத்து

இது ஒன்றாம் வகுப்புக்கு. குளத்துக் கரம்பையை, அதாவது குளத்தடி வண்டல் மண்ணை, கோடையில் எடுத்துக் காயவைத்து, இடித்துச் சலித்து, ஒருநாள் ஊறவைத்துப் பிசைந்தால் போதும். குயவர் வீட்டில் பிசைந்த மண்ணாகவே கேட்டு வாங்கினால் கல்லும் முள்ளும் இருக்காது. இருவருக்குக் கால் கிலோ என்று கணக்குப் பார்த்தால் முப்பது பேருக்கு நாலு கிலோவுக்குள் அடங்கும். விரலில் ஒட்டினால் தண்ணீர் அதிகம். திரிக்கும்போது கீறல் விட்டால் குறைவு. வேலை முடிந்ததும் மண்ணைத் திரட்டி ஈரச்சாக்கில் சுற்றி வாளியில் மூடி வைத்தால் பல வாரம் ஓடும். எழுத்தைக் காயவைத்துச் சேமிக்க வேண்டும் என்ற ஆசை வேண்டாம், காய்ந்ததும் உடையும், பிள்ளைகளும் அழுவார்கள்.

வழக்கமாக "அ" முதல் வரிசையாகச் செய்யச் சொல்வார்கள். அதைவிடப் பயனுள்ளது ஒன்று இருக்கிறது. பென்சில் தடிமனில் மண்ணைத் திரித்து, "க" ஒன்று, துணைக்கால் ஒன்று, ஒற்றைக்கொம்பு ஒன்று, இரட்டைக்கொம்பு ஒன்று, ஐகாரத்துக்கான இணைக்கொம்பு ஒன்று, ஆக ஐந்து உருப்படிகள். இவற்றை நகர்த்தி நகர்த்தி வைத்தால் க, கா, கெ, கே, கை, கொ, கோ என்று ஏழு எழுத்து வந்துவிடும். அந்த நாலு குறிகளைப் பதினெட்டு மெய்க்கும் மாற்றி வைத்தால் 126 எழுத்து. உயிர்மெய் 216இல் பாதிக்கு மேல். கொம்பு முன்னால் நின்றாலும் ஒலி பின்னால் வருகிறது என்பதுதான் ஒன்றாம் வகுப்பில் பெரிய குழப்பம். "கெ" என்பதைக் கொம்பு முதல், க அடுத்து என்று பார்த்துத் தடுமாறும் பிள்ளை, தன் கையாலேயே க-வை முதலில் வைத்துவிட்டுப் பிறகு கொம்பைக் கொண்டுபோய் இடப்பக்கம் ஒட்டும்போது தெளிந்துவிடும். ஆகவே வைக்கும் வரிசையை விட்டுக்கொடுக்கக் கூடாது: மெய்க்குரிய உரு முதலில், குறி அடுத்தது.

உகர, ஊகாரங்களை இந்த விளையாட்டில் சேர்க்காதீர்கள். கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. தனிக்குறி என்று ஒன்று இல்லை. சேர்த்தால் பிடிபட்ட ஒழுங்கும் கலைந்துவிடும். இகர, ஈகாரம் மெய்யோடு ஒட்டியே வருவதால் அவற்றையும் பிறகு பார்க்கலாம்.

வெறும் எழுத்தோடு நின்றால் நம் கேள்வி தோற்றுவிடும். "கொ" அமைத்ததும் பாடப்பக்கத்தில் அந்த எழுத்து வரும் சொல்லைத் தேடிப்பிடித்து வாசித்துக் காட்டிய பிறகுதான் அடுத்த எழுத்து. தேட, பரணில் கிடக்கும் பழைய வார இதழ்களைக் கொண்டுவந்தால் ஒரு சிக்கல் வரும். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை, ளை முதலான 13 எழுத்துகள் வேறு உருவில் இருக்கும். ஒன்றாம் வகுப்புக்கு அவை வேண்டாம். ஐந்தாம் வகுப்புக்கு என்றால் அதுவே நல்ல தேடல் வேலை.

ஒற்றைத்தாள் புத்தகம்

ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டினால் தைக்காமல், ஒட்டாமல் எட்டுப் பக்கப் புத்தகம் கிடைக்கும். தாளை அகலவாக்கில் இரண்டாக மடித்து விரி. நீளவாக்கில் இரண்டாக மடித்து விரி. மறுபடி அகலவாக்கில் மடித்து, மடிந்த ஓரத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே பாதிவரை வெட்ட வேண்டும். எந்தப் பாதி என்பது தெளிவாகத் தெரிய, திறந்த முனையையும் மடிந்த ஓரத்தோடு சேர்த்து மடித்து ஒரு தடம் போட்டுக்கொண்டால் வெட்டு நிற்க வேண்டிய இடம் கோடாக விழுந்துவிடும். விரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் நடு பிளந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதைச் சுற்றி மடக்கினால் புத்தகம்.

கெடுவது இரண்டு இடத்தில். வெட்டு தடத்தைத் தாண்டினால் தாள் துண்டாகிவிடும். அதனால் முதல் தடவை வெட்டும் வேலை ஆசிரியர் கையில் இருக்கட்டும். அடுத்தது, தட்டையாக இருக்கும்போதே எழுதினால் பாதிப் பக்கங்கள் தலைகீழாகப் போகும். மடித்து முடித்துப் பக்க எண் போட்ட பிறகே எழுத வேண்டும். நோட்டுத்தாள் மடிப்பில் கிழியும். நகலெடுக்கும் கடையில் வீணான ஒருபக்கத் தாள் கிடைத்தால் அது இதற்கு உகந்தது.

அட்டை இரண்டு போக உள்ளே ஆறு பக்கம். வேலை இது: வாசித்த கதையை ஆறே வாக்கியத்தில் அடக்கு, பக்கத்துக்கு ஒன்று, மேலே சின்னப் படம். எதை விடுவது, எதை வைப்பது என்று தீர்மானிக்க மூன்று நாலு தடவையாவது கதைக்குள் போய் வர வேண்டியிருக்கும். முதலில் சிலேட்டில் ஆறு வரி, பிறகு புத்தகத்தில். தலைப்பைக் கடைசியில் எழுத வேண்டும். முதலில் எழுதச் சொன்னால் பாடத்தலைப்பையே பார்த்து எழுதிவிடுவார்கள். நாலு, ஐந்தாம் வகுப்புக்குப் பள்ளிக்கல்வித் துறையின் "ஊஞ்சல்" சிறார் இதழ்க் கதைகள் இந்த அளவுக்குச் சுருக்கத் தோதானவை.

இதே புத்தகத்தில் வீட்டுக் கதையையும் எழுதலாம். ஆச்சி, தாத்தா சொன்ன கதையைப் பிள்ளை சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதி, பிள்ளையே வாசிப்பது. "ராசா வந்தாவ, வந்து கேட்டாவ" என்று பிள்ளை சொன்னால் "வந்தாவ" என்றே எழுதுங்கள். "வந்தார்" என்று திருத்தி எழுதினால், தான் சொன்னதும் தாளில் இருப்பதும் பிள்ளைக்கு ஒத்துவராது, வாசிப்பு தடுக்கும். சரளமாக வாசித்த பிறகு, எதிர்ப்பக்கத்தில் பாடநூல் தமிழில் ஒருமுறை எழுத வைக்கலாம். இன்னொன்று, நம் பக்கத்துப் பிள்ளைகள் "வாழைப்பழம்" என்று அச்சிட்டிருப்பதை "வாளப்பளம்" என்றுதான் வாசிப்பார்கள். சொல்லைச் சரியாக அடையாளம் கண்டுவிட்டார்கள் என்றால் வாசிப்பின் நடுவில் நிறுத்தித் திருத்த வேண்டாம். உச்சரிப்புக்குத் தனியாக நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம். எழுதும்போது ழகரம் பிசகுவதற்கு மட்டும் ஒரு கண் வேண்டும்.

பசை, வண்ணம், மழைக்காலம்

மைதாப் பசைக்கு மாவு ஒரு கப், தண்ணீர் நாலு கப். ஒரு கப் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மூன்று கப்பில் ஊற்றி ஐந்து நிமிடம் கிண்டினால் போதும். மாவை நேரே வெந்நீரில் போட்டால் உருண்டை உருண்டையாகத் திரளும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பள்ளிக்குள் அதற்கு இடமில்லை. அரை தேக்கரண்டி படிகாரப்பொடி போதும், பசை இரண்டு மூன்று நாள் தாங்கும். புளியங்கொட்டைப் பசை இன்னும் வலுவானது, ஆனால் வறுத்து, தோல் நீக்கி, இடித்துக் காய்ச்ச ஒருநாள் போகும்.

வண்ணத்துக்குச் செம்மண், கரி, மஞ்சள். தேரி மண்ணின் (செம்மணல் மேட்டு மண்ணின்) நிறம் பிள்ளைகளை இழுக்கும், ஆனால் மணல் கனத்து அடியில் உட்கார்ந்துவிடும். தண்ணீரில் கலக்கி, மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்துத் தெளிய வைத்தால் அடியில் படிவதுதான் தீட்டத் தகுந்த வண்ணம். இரவு முழுக்க ஊறிய கருவேலம்பிசினைக் கொஞ்சம் சேர்க்காவிட்டால் காய்ந்ததும் பொடியாக உதிரும். மஞ்சள் வெயில் பட்டால் வெளுக்கும், சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். இதையும் செய்முறை அட்டையாக எழுதிக் கொடுத்தால் மறுபடி வாசிப்புக்குள் வந்துவிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒட்டுகிற வேலைகளை எடுக்காதீர்கள். பசை காயாது, இரண்டு நாளில் பூசணம் பூக்கும். அந்த மாதங்களில் ஒற்றைத்தாள் புத்தகமும் வில்லும்தான் தோது. மூங்கில் வில்லை ஈரச்சுவரில் சாய்க்காமல் ஆணியில் தொங்கவிடுங்கள். பிள்ளைகள் செய்த புத்தகங்களை அலமாரிக்குள் அடுக்கினால் கரையானுக்குத்தான் போகும். பிள்ளை தோளுயரத்தில் ஒரு கயிறு கட்டி, அட்டை தெரியும்படி கிளிப்பில் மாட்டினால் அடுத்த வகுப்புப் பிள்ளைகளும் எடுத்து வாசிப்பார்கள். பின்னட்டையில் வாசித்தவர்கள் பெயர் எழுத நாலு கோடு போட்டு வையுங்கள். கோடு நிரம்பாத புத்தகம் எது என்று மாதம் ஒருமுறை பார்த்து, அதை மட்டும் எடுத்து வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டினால், பெரும்பாலும் அடுத்த வாரமே அந்தக் கோடுகளும் நிரம்பிவிடும்.